மேயருக்கு எதற்கு வெளியுறவு?

கேள்வி: எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘நகரத் தலைவர் வெளியுறவு பேசலாம்’ என்ற அணியில் என்னைப் போட்டுவிட்டார்கள். “மேயர் குப்பையையும் குடிதண்ணீரையும் பார்த்தால் போதாதா?” என்று எதிரணி இப்போதே கிண்டல் செய்கிறது. நல்ல உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.
- மாணவி, பாளையங்கோட்டை

பதில்: வில்லி பிராண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போனால் எதிரணி அவரையே உங்கள் மேல் திருப்பிவிடும்.

1961 ஆகஸ்ட் 13, ஞாயிறு விடியற்காலை. மேற்கு பெர்லின் மேயரான பிராண்ட், தேர்தல் பிரசாரத்துக்காக ரயிலில் போய்க்கொண்டிருந்தார். ஹானோவரில் எழுப்பிச் சேதி சொன்னார்கள்: கிழக்கு ஜெர்மனி ஊருக்கு நடுவே முள்கம்பி இழுக்கிறது. விமானம் பிடித்து ஓடி வந்தார். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகள். கிழக்கிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோன 50,000-க்கும் மேற்பட்டோர் மறுநாள் வரவில்லை. இதை மேயர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

சட்டம் அவர் பக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்தே மேற்கு பெர்லினில் கடைசி வார்த்தை அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தளபதிகளுடையது. வெளியுறவு, பான் நகரில் இருந்த மேற்கு ஜெர்மனி அரசின் வேலை. இருந்தும் 16-ஆம் தேதி அதிபர் கென்னடிக்கு நேரடியாகவே எழுதினார். வெறும் கண்டனத்தோடு நின்றால் மக்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும், படையைக் கூட்டுங்கள், மேற்கு பெர்லின் மூன்று வல்லரசுகளின் பொறுப்பு என்று அறிவியுங்கள் என்று கேட்டார்.

கென்னடிக்குக் கோபம். மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர் (பிரதமர் மாதிரி) பதவிக்குப் போட்டியிடுபவர், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில் எனக்குப் பாடம் எடுப்பதா? போதாக்குறைக்குக் கடிதம் பத்திரிகைக்கும் போய்விட்டது. எதிரணி இந்த இடத்தைத்தான் பிடிக்கும். முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள். பாதி வாதம் அங்கேயே புஸ்ஸாகிவிடும்.

பதில் கடிதத்தைத் துணை அதிபர் ஜான்சன் கையோடு கொண்டுவந்தார். மூன்று வல்லரசு யோசனைக்கு மறுப்பு. படை மட்டும் கிடைத்தது: 20-ஆம் தேதி 1,500 அமெரிக்க வீரர்கள் கிழக்கு ஜெர்மனி வழியாகச் சாலையில் வந்து சேர்ந்தார்கள். கம்பி நின்ற இடத்திலேயே நின்றது, பிறகு சுவரானது.

இங்கே முடித்துவிடாதீர்கள். 1963 டிசம்பரில் பிராண்டின் நகர நிர்வாகமே கிழக்கு ஜெர்மனியோடு பேசி, சொந்தக்காரர்களைப் பார்த்துவர கிறிஸ்துமஸ் அனுமதிச் சீட்டு வாங்கியது. ஊரை, அலுவலகத்தை என்ன பெயரால் அழைப்பது என்பதில்கூட இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. ஒத்துவரவில்லை என்பதையே ஒப்பந்தத்தில் எழுதிவைத்துக் கையெழுத்துப் போட்டார்கள்! (எனக்கு மிகவும் பிடித்த ராஜதந்திரம் இதுதான்.) மேற்கு பெர்லினில் வந்து உட்கார்ந்து சீட்டு கொடுத்தவர்கள் கிழக்கின் தபால் ஊழியர்கள். சுமார் 12 லட்சம் முறை மக்கள் அந்தப் பக்கம் போய்வந்தார்கள்.

28 மாதம் அம்மாவைப் பார்க்காத மகள், குளிரில் கியூவில் நிற்பதைச் சொல்லுங்கள். அதற்குள் மணி அடித்தால் அடிக்கட்டும், உட்கார்ந்துவிடுங்கள்.