எல்லை மூடிய நாட்டுக்கு வரும் தம்பிக்கு

கோத்தகிரியிலிருந்து பின்லாந்துக்கு வேலைக்கு வரவிருக்கும் நீங்கள், ரஷ்ய எல்லையை மூடிவிட்ட நாட்டில் உங்களையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை அனுமதியோடு ஹெல்சிங்கி விமான நிலையத்தில் வந்து இறங்குபவரை அந்த மூடல் தொடாது. ஆனாலும் அதன் காரணத்தை அறிந்துகொண்டு வருவது நல்லது.

2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், சிரியா, சோமாலியா, ஏமன் முதலிய நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,300 பேர், சிலர் பனியில் சைக்கிள் மிதித்துக்கொண்டு, ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்து தஞ்சம் கேட்டார்கள். ரஷ்யாவே அவர்களை அனுப்பிவைக்கிறது என்று குற்றம் சாட்டி பின்லாந்து எல்லையை மூடியது; ரஷ்யா அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. 2021-இல் பெலாரஸ் எல்லையில் போலந்தும் லிதுவேனியாவும் இதே நெருக்கடியைச் சந்தித்திருந்தன. படை அனுப்பாமல் வேறு வழிகளில் ஒரு நாட்டைத் தொல்லைப்படுத்தும் இதைக் கலப்புத் தாக்குதல் என்று சொல்கிறார்கள். ஆயிரம் பேரால் ஒரு நாடு நிலைகுலைந்துவிடாது. அவர்களை வைத்து உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்குவதுதான் தாக்குதலின் பலன் என்பது என் எண்ணம். 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொலையாளி படகில் வந்த அகதி என்ற பொய் பரவி, தஞ்சம் கோரியவர்கள் தங்கியிருந்த விடுதிகள் வரை கலவரம் போயிற்று. கைதானவரோ கார்டிஃப் நகரில் பிறந்தவர்.

இத்தகைய செய்திகள் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகின்றன. ‘நாங்கள் முறையாக வந்தவர்கள், அவர்களைப் போல அல்ல’ என்று வெள்ளைக்காரரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதில் சேராதீர்கள். 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமைக் கடந்து நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை, நீலகிரியிலேயே பிறந்தவர்களை, இன்னும் ‘சிலோன்காரர்’ என்று சொல்பவர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இங்கே அக்கம்பக்கத்தார் லிஃப்டில்கூடப் பேசமாட்டார்கள். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வசந்த காலத்தில் குடியிருப்பு முற்றத்தைக் கூட்டிப் பெருக்கும் நாளில் நீங்களும் துடைப்பத்தோடு இறங்கினால், இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பவர் தாமாகவே பெயர் கேட்பார். நெருக்கடி நேரத்துக்கென்று மூன்று நாளைக்கான தண்ணீரும் உணவும் வீட்டில் வைத்திருங்கள்; அரசு எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை அது. கட்டடத்தின் அடித்தளத்தில் போர்க்காலப் பாதுகாப்பு அறை இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள்; சாதாரண நாளில் அங்கே சைக்கிள்களும் பழைய சாமான்களும்தான் கிடக்கும்.