38 வயதில் முதலில் எழுத்தா, தையலா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அக்காவுக்கு 38 வயது. ஆறாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பவர்டேபிள் டெய்லர் ஆக, அதாவது மோட்டாரில் ஓடும் மிஷினில் தைப்பவராக ஆசை. முதியோர் கல்விக்குப் போகச் சொல்கிறார்கள் சிலர். நேரே தொழிற்பயிற்சிக்குப் போ என்கிறார்கள் சிலர். எது சரி?"

இரண்டும் சேர்ந்துதான் வேண்டும். நீங்கள் பிரித்துக் கேட்பதற்குக் காரணம் அரசின் ஏற்பாடு. 15 வயது தாண்டியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் (2022–27) கல்வி அமைச்சகத்தின் கையில். தொழிற்பயிற்சியோ 2014-இல் உருவான திறன் மேம்பாட்டு அமைச்சகத்திடம். முதலாவதை நலத்திட்டம் என்றும், அடுத்ததைப் பொருளாதார முதலீடு என்றும் பார்த்துப் பழகிவிட்டோம்.

தையல் மேசையில் அந்தப் பிரிவு கிடையாது. டெய்லரிடம் வரும் பண்டல் சீட்டைப் பாருங்கள்: சைஸ், கலர், எத்தனை பீஸ், எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குச் சனிக்கிழமை சம்பளத்தைத் தானே கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எவ்வளவு வேகமாகத் தைத்தும் பிறர் சொல்லும் தொகைதான்.

இரண்டையும் சேர்த்து யோசித்த இடம் ஒன்று உண்டு: மக்கள் கல்வி நிறுவனம், அதாவது ஜன் சிக்ஷன் சன்ஸ்தான். 1967-இல் மும்பையில் ஆலைத் தொழிலாளர்களுக்காக, வேறு பெயரில் தொடங்கியது. படிக்காதவர்கள், 12-ஆம் வகுப்புக்குள் இடையில் நின்றவர்கள், 15 முதல் 45 வயது வரை சேரலாம். 2018-இல் இதைத் திறன் அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். சான்றிதழ் எண்ணிக்கையே பெரிதாகி, வாசிப்பும் கணக்கும் ஓரம் போய்விடுமோ என்பது என் கவலை. அதனால் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

அக்கா அந்த வயது வரம்புக்குள்தான் இருக்கிறார், மக்கள் கல்வி நிறுவனத்திலேயே தொடங்கட்டும். பக்கத்தில் மையம் உண்டா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலையை விட வேண்டாம், நேரம் ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். அப்புறம், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கும் தயாராகட்டும். எட்டாவது முடித்தாலே சேரக்கூடிய பிரிவுகள் ஐடிஐயில் உண்டு. தமிழ்நாட்டில் பெண்களுக்கு அங்கே மேல் வயது வரம்பு இல்லை. செக்கிங்கில் பெற்ற அனுபவத்தையும் வீணாக்க வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தரும் முறை இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

மையத்துக்குப் போகும்போது பண்டல் சீட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். "மிஷின் ஓட்டுவதோடு இதை வாசிக்கவும் கணக்குப் போடவும் சொல்லித் தருவீர்களா?" என்று அக்காவே கேட்கட்டும்.