புரோ ஆக இப்போது என்ன அவசரம்?

“பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், பள்ளியை விட்டுவிட்டு கோல்ஃப் புரோ (தொழில்முறை ஆட்டக்காரர்) ஆகப்போகிறேன் என்று நிற்கிறான். ஹேண்டிகேப் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளைவிடச் சுமாராக எத்தனை அடி கூடுதல் என்ற எண்; குறையக் குறைய நல்லது) இரண்டு. ‘விடுங்க சார், பெரிய ஆளா வருவான்’ என்கிறார் கோச். விடலாமா?”
– ஒரு தந்தை, சென்னை

சார், படிப்பும் தொடரட்டும், ஆட்டமும் தொடரட்டும். புரோ என்று அறிவிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் உதவித்தொகையோடு ஆட அமெச்சூர் தகுதிதான், அதாவது இன்னும் புரோ ஆகாதவர் என்ற தகுதிதான், பையனின் கையிருப்பு. அவசரப்பட்டுப் புரோ ஆனால் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். ஜீவ் மில்கா சிங் டெக்சாஸில் அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். 1993-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாம் பிரிவில் தனிநபர் பட்டம் வென்ற பிறகே புரோ ஆனார். 1998-ல் ஐரோப்பிய டூரில் (புரோக்கள் ஆடும் தொடர் போட்டிகள்) இடம்பிடித்த முதல் இந்தியர் அவர்.

“அதிதி அசோக் 17 வயதிலேயே புரோ ஆனாரே” என்று மகன் கேட்பான். ஆனார். ஆனால் அதற்குமுன் ஐரோப்பிய மகளிர் டூரின் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்து, ஆட இடத்தை உறுதி செய்துகொண்டார். ரியோ ஒலிம்பிக்கில் அவருக்குக் கேடியாக (கோல்ஃப் பையைச் சுமந்து உடன் நடப்பவர்) நின்றது அப்பா. 2021-ல் டோக்கியோவில் நான்காம் இடம் வந்தபோது உடன் நடந்தது அம்மா. இது வீடே சேர்ந்து செய்யும் வேலை என்பதை உங்கள் மனைவியிடமும் சொல்லிவையுங்கள்.

இனி பணம். இந்திய டூரான பிஜிடிஐ-யில் ஆடவே முதலில் தகுதிச் சுற்றைத் தாண்ட வேண்டும். நான்கு நாள் போட்டியில் இரண்டாம் நாள் மாலை ‘கட்’ விழும், முன்னணியில் இருப்பவர்கள் மட்டும் மேற்கொண்டு ஆடுவார்கள். அதற்குள் வராதவருக்குப் பரிசுப் பணம் கிடையாது. நுழைவுக் கட்டணம், டிக்கெட், லாட்ஜ், கேடி கூலி எல்லாம் கைக்காசு. மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லவே இல்லை. இப்படி நாலைந்து வாரம் தொடர்ந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

பணக்காரர் ஆட்டம் என்பார்கள், முழுக்கச் சரியில்லை. 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். 2009 இந்தியன் ஓப்பனை வென்ற முனியப்பா கேடியாக இருந்தவர். அவர்கள் வளர்ந்ததே மைதானத்தின் ஓரத்தில். உங்கள் பையனின் ஒவ்வொரு பயிற்சி மணிக்கும் நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

ஹேண்டிகேப் இரண்டு நல்லதுதான், ஆனால் அது தெரிந்த மைதானத்தில் வந்த எண். இந்திய கோல்ஃப் யூனியன் நடத்தும் ஜூனியர், அமெச்சூர் போட்டிகளுக்கு வெளியூர் அனுப்புங்கள். ஒவ்வொரு போட்டியிலும் வென்றவரின் ஸ்கோரையும் இவன் ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிளஸ் டூ முடிவதற்குள் அந்த இடைவெளி குறைகிறதா என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். கோச்சின் பாராட்டு இல்லை.

வருகைப்பதிவு இடிக்கிறது என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கல்லூரியை நினைத்தால், எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம் என்று மாறுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். புரோ என்ற பெயரோடு டூர் ஆடாமல் கிளப்பில் கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கௌரவமான பிழைப்பே. மகனுக்கு அதில் சம்மதமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.