டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் ஏன் ஒருவரை ஒருவர் ஒட்டியே போகிறார்கள்?

நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே கொத்தாகப் போவார்களே, அந்தக் கூட்டத்துக்குப் பெயர் பெலோட்டான். காரணம் காற்றுதான். சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது, மிதிக்கும் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போனால், ஒட்டி வருகிறவருக்குச் சுமை வெகுவாகக் குறையும். திருவிழா நெரிசலில் ஒருவர் வழி உண்டாக்கிக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் நாம் சிரமமில்லாமல் நடப்போமே, அதே மாதிரிதான்.

அப்புறம், தலைவருக்காகக் காற்றை எதிர்கொள்வதற்கென்றே ஒவ்வோர் அணியிலும் உதவி வீரர்கள் உண்டு. தங்கள் வெற்றியையே விட்டுக்கொடுக்கும் அவர்களைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இப்படிப் பின்னால் வருவது ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சாலைப் பந்தயத்தில் அது விதிக்கு உட்பட்டதே, ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் தனிநபர் நேரப் போட்டியில்தான் அதற்குத் தடை.