வைத்தியம் கேளுங்கள்: மூளைக் கட்டி எதைத் தின்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு மூளையில் கிளையோமா, அதாவது நரம்புக் கலங்களைத் தாங்கும் கலங்களில் தோன்றும் கட்டி. எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெரிந்தது. கொழும்பில் எடுத்த பெட் ஸ்கானிலோ அந்த இடத்தில் வெளிச்சம் இல்லையாம். எதை நம்புவது?
- வாசகி, உவர்மலை

பதில்: இரண்டும் பிழையில்லை. வழக்கமான பெட் ஸ்கானுக்கு ஊசியில் ஏற்றுவது எஃப்.டி.ஜி., அதாவது புளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோத்த ஒரு வகைச் சீனி. அந்தக் கதிர் எங்கே கூடுகிறதோ அங்கே படத்தில் வெளிச்சம். கலம் அதை உள்ளே இழுத்துப் பொஸ்பேற்று ஒன்றைப் பூட்டும். பிறகு அதை எரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே விடவும் முடியாது. நுரையீரல் கட்டி பளிச்சென்று தெரிவது இதனால்தான். மூளையில் கதை வேறு. உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கை விழுங்குகிறது. மீன்வள்ளத்து விளக்கு இரவில் கரையிலிருந்தே தெரியும். நடுப்பகலில் தேடினாலும் கிடைக்காது. மெதுவாக வளரும் கிளையோமா அப்படித்தான் ஒளிந்துகொள்ளும்.

மெதியோனின், எஃப்.ஈ.டி. போன்று ஸ்கானுக்காக ஏற்றும் அமினோ அமில மருந்துகளை நல்ல மூளை அதிகம் எடுக்காது. அதனால் கட்டி எடுப்பாகத் தெரியும். இதில் சிக்கல், நேரம். மெதியோனினில் உள்ள கார்பன்-11இன் கதிர் இருபது நிமிடத்தில் பாதியாகும், செய்த இடத்திலேயே ஏற்ற வேண்டும். எஃப்.ஈ.டி.யில் உள்ள புளோரின்-18க்கு 110 நிமிடம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஆறு மணி நேரம் வாகனத்தில் வந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

எஃப்.டி.ஜி.க்கு முன் 4 முதல் 6 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும், பிளேன்ரீயும் வேண்டாம். ஊசிக்குப் பின் மங்கிய அறையில் பேசாமல் இருக்கச் சொல்வார்கள். போன் பார்த்தால் பின்மூளையின் பார்வைப் பகுதி சீனியை இழுத்துவிடும். வீக்கத்துக்குத் தரும் டெக்சாமெதசோன் இரத்தச் சீனியைக் கூட்டும், அது எஃப்.டி.ஜி.யோடு போட்டி போடும். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் ஸ்கான் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே கட்டிக்குள் கலங்கள் வேறுவேறாகச் சாப்பிடுமா? அதைப் படத்தில் காண முடியுமா?
- வாசகர், சாம்பல்தீவு

பதில்: சாப்பிடும். ஒட்சிசன் இருந்தும் புற்றுக்கலம் சீனியை முழுதும் எரிக்காமல் லக்டேட் என்ற பொருளாக்குகிறது என்று 1920களில் ஜேர்மன் விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க் காட்டினார். அதையே முழு உண்மை என்று பிடித்துக்கொள்ளக் கூடாது. சத்திரசிகிச்சையின்போது கார்பன்-13 (கதிரியக்கமற்ற அடையாளக் கார்பன்) கோத்த குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்ததில், மனித மூளைக் கட்டிகள் கலத்தின் சக்தி உலையான இழைமணியிலும் அதை எரிப்பது தெரிந்தது. நடுவில் இரத்தம் எட்டாத கலங்கள் லக்டேட்டைக் குவிக்கும். ஐ.டி.எச். மரபணு மாறிய கட்டியில் 2-ஹைட்ரொக்சிகுளுட்டரேட் என்ற இரசாயனப் பொருள் சேரும்.

இவற்றை ஊசியில்லாமலே காட்டுவது எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி. எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே ஓர் இடத்தின் இரசாயனப் பொருள்களை வரைபடமாக எடுப்பது அது. வரைபடத்தின் அளவுகோலில் (பி.பி.எம்.) 2.0இல் நல்ல நரம்புக் கலத்தின் அடையாளமான என்.ஏ.ஏ. தாழ்ந்து, 3.2இல் கலச் சவ்வோடு தொடர்புள்ள கோலின் உயர்ந்தால் கட்டியைச் சந்தேகிப்பர், 1.3 லக்டேட்டின் இடம். ஆனால் அளக்கவேண்டிய இடத்தைக் குறிக்கப் படத்தில் வைக்கும் பெட்டி பெரும்பாலும் 1.5 முதல் 2 சென்ரிமீற்றர் அகலம். உயிருள்ள விளிம்பும் செத்த நடுவும் அதற்குள் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத சராசரிதான் வரும். மண்டையோட்டை ஒட்டி வைத்தால் தோலடிக் கொழுப்பு 1.3இல் புகுந்து லக்டேட் போல நடிக்கும். காதெலும்பு, பழைய இரத்தக்கசிவு அருகே வரைபடத்தின் முகடுகள் அகன்று குழம்பும்.

அறிக்கைத் தாளை மட்டும் வாங்கி வராதீர்கள். பெட்டி வைத்த இடத்தைக் காட்டும் படமும் சீடியில் வேண்டும். அதில்லாத வரைபடத்தை வைத்து அடுத்த வைத்தியரால் ஒன்றும் சொல்ல முடியாது.