பொனான்சா முதல் சீசன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பொனான்சா என்ற கௌபாய் தொடர் 1959 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. 1973 ஜனவரி 16 வரை 14 சீசன், 431 அத்தியாயம் ஓடியது. நெவாடாவில் டாஹோ ஏரியை ஒட்டிய பாண்டரோசா என்ற பெரும் பண்ணை, அதை ஆளும் பென் கார்ட்ரைட், அவருடைய மகன்கள் ஆடம், ஹாஸ், லிட்டில் ஜோ. இவ்வளவுதான் அடிப்படை. இந்த முறை முதல் சீசனைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

அண்ணே, முதல் சீசனை விட்டுவிட்டு நாலாவது சீசனிலிருந்து பார் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். உங்கள் நண்பர் ஏன் சொல்கிறார் என்று புரிகிறது. பின்னால் உலகமே நேசித்த அந்தக் குடும்பம் முதல் சீசனில் இன்னும் உருவாகி முடியவில்லை. பென் கடுகடுப்பான ஆள். பைபிள் வசனம் பேசுகிறார், நிலத்துக்குள் கால் வைத்த அந்நியரைத் துப்பாக்கியோடு எதிர்கொள்கிறார். அண்ணன் தம்பிகள் தொட்டதற்கெல்லாம் கைகலக்கிறார்கள். பென்னாக நடித்த லோர்ன் கிரீனுக்கே இது பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய பண்ணைக்காரர் வாசலுக்கு வந்தவரை வரவேற்பவராக, ஊருக்கு வேண்டியவராக இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். வாரம் போகப்போக பென்னின் முகம் தளர்வதை இந்த 32 அத்தியாயங்களிலேயே பார்க்கலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கரடுமுரடான ஒரு வீடு மெல்ல மெல்லக் குடும்பமாவதைப் பார்க்க இந்த சீசனை விட்டால் வேறு இடம் கிடையாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பின்னால் வந்த சீசன்களில் கதை எந்த ஊரில் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று ஆகிவிட்டது. முதல் சீசன் வர்ஜீனியா சிட்டி என்ற உண்மையான வெள்ளிச் சுரங்க ஊரின் கதை.

அந்த வெள்ளிச் சுரங்கக் கதையைக் கொஞ்சம் விளக்குங்களேன். பண்ணைக் குடும்பத்துக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் மரம்தான். இதைப் பிடித்துக்கொண்டால் முதல் சீசன் முழுக்கப் புரிந்துவிடும்.

நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற மாபெரும் வெள்ளிப் படிவம் 1859-இல் வெளிப்பட்டது. தொடர் வந்தது சரியாக நூறு வருடம் கழித்து. மற்ற சுரங்கங்களில் தாது மெல்லிய கீற்றாகப் போகும். இங்கே அகலமாக, பொலபொலவென்று உதிரும்படி கிடந்தது. வழக்கம்போல் இரண்டு கம்பம் நட்டு மேலே ஒரு குறுக்குக் கட்டை வைத்தால் தாங்காது. ஆட்கள் உள்ளே புதைந்து போவார்கள்.

1860-இல் ஓஃபிர் சுரங்கக்காரர்கள் ஃபிலிப் டீடஸ்ஹைமர் என்ற ஜெர்மனியில் பிறந்த பொறியாளரை வரவழைத்தார்கள். கனமான மரச் சட்டங்களைப் பெட்டி பெட்டியாகப் பூட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகவும் பக்கத்தில் பக்கமாகவும் தேன்கூடு மாதிரி அடுக்கிக்கொண்டே போகும் முறையை அவர் உருவாக்கினார். தாதுவை எடுத்த வெற்றிடத்தை அந்த மரக்கூடு தாங்கிக்கொள்ளும். அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எத்தனை சுரங்கத் தொழிலாளிகளின் உயிர் அதனால் பிழைத்திருக்கும்!

ஆனால் அந்தக் கூட்டுக்கு மரம் வேண்டுமே. சுரங்கம் ஆழமாகப் போகப் போகக் காடு காலியானது. டாஹோவைச் சுற்றிய மலைகளின் பைன் மரங்கள் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வெட்டப்பட்டு வர்ஜீனியா சிட்டியின் பூமிக்குள் போயின. இன்று டாஹோவில் நாம் பார்க்கும் காட்டில் பெரும்பகுதி அதற்கப்புறம் முளைத்தது.

இப்போது முதல் அத்தியாயமான 'எ ரோஸ் ஃபார் லோட்டா'வைப் பாருங்கள். சுரங்க முதலாளிகளுக்குப் பாண்டரோசாவின் மரம் வேண்டும். பென் மசியவில்லை. அவருடைய மகன் ஒருவனைப் பிடித்து வைத்துக்கொண்டு மரத்தைக் கேட்கலாம் என்று ஒரு நாடக நடிகையை ஏவுகிறார்கள். சிக்குபவன் ஜோ. பென்னின் பிடிவாதம் வெறும் நிலத் திமிராகத் தோன்றலாம். பக்கத்து மலைகளுக்கு நிஜத்தில் என்ன ஆனது என்று தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. டீடஸ்ஹைமருக்கென்றே 1959 அக்டோபர் 31-இல் ஒரு தனி அத்தியாயம் வந்தது. துப்பாக்கிச் சண்டையை நம்பி ஓடும் ஒரு தொடர், சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் முறையை ஒரு மணி நேரக் கதையாக்கியது. அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இந்த சீசன் பிடிக்கும்.

அந்த நடிகை லோட்டாவும் நிஜமா? வேறு யாரெல்லாம் நிஜ மனிதர்கள்?

லோட்டா கிராப்ட்ரீ நிஜமானவர்தான், புகழ்பெற்ற நாடக நடிகை. ஆனால் அவர் பிறந்தது 1847-இல். காம்ஸ்டாக் கண்டுபிடிக்கப்பட்டபோது அவருக்கு 12 வயது கூட நிறையவில்லை! தொடரில் இவோன் டி கார்லோ நடித்திருப்பதோ ஆண்களை மயக்கும் முழு வளர்ந்த பெண்ணாக.

காலத்தைப் பற்றி இந்த சீசன் கவலைப்படவே இல்லை. குதிரை மேல் கட்டப்பட்டு மேடையேறி ஊரையே கிறங்க வைத்த ஆடா மென்கன் வர்ஜீனியா சிட்டிக்கு வந்தது 1864-இல். ஊர் மக்களின் அன்பைப் பெற்றிருந்த ஜூலியா புலெட் கொலையானது 1867-இல். மார்க் ட்வைன் வரும் அத்தியாயமும் உண்டு. அவர் 1862-இல் அந்த ஊரின் 'டெரிட்டோரியல் என்டர்பிரைஸ்' பத்திரிகையில் சேர்ந்தார், மறு வருடம் அதில்தான் அந்தப் புனைபெயரை முதன்முதலில் போட்டுக்கொண்டார். படிவத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டுத் தன் பங்கை அற்ப விலைக்கு விற்றுப்போன ஹென்றி காம்ஸ்டாக்குக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. எல்லாரும் ஏதோ ஒரே சமயத்தில் ஊரில் நடமாடுவதுபோல் காட்டுவார்கள். நாடகக்காரர்கள் விஷயத்தில் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

செவ்விந்தியர்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள்? என் மகளோடு உட்கார்ந்து பார்க்க நினைக்கிறேன்.

நல்ல கேள்வி, அம்மா. பையூட் என்பது நெவாடாவின் பூர்வகுடி இனம். 'தி பையூட் வார்' அத்தியாயத்தை அவளோடு பாருங்கள், ஆனால் உண்மையில் நடந்ததையும் சொல்லிக்கொடுங்கள்.

1860-இல் கார்சன் ஆற்றங்கரையில் வில்லியம்ஸ் ஸ்டேஷன் என்ற தங்குமிடத்தில் இருந்த வெள்ளையர்கள் பையூட் சிறுமிகளைக் கடத்தி அடைத்து வைத்தார்கள். பையூட் ஆண்கள் வந்து மீட்டு, அங்கிருந்தவர்களைக் கொன்று இடத்தைக் கொளுத்தினார்கள். உடனே வர்ஜீனியா சிட்டியிலும் சுற்று ஊர்களிலும் இருந்து சுமார் 100 பேர், விசாரணை எதுவும் இல்லாமல், மேஜர் ஆர்ம்ஸ்பியோடு பழிவாங்கக் கிளம்பினார்கள். பிரமிட் ஏரி அருகே அவர்களில் 70-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆர்ம்ஸ்பியும் இறந்தார். இத்தனைக்கும் பையூட் தலைவர்களில் ஒருவரான நுமாகா போரே வேண்டாம் என்று மன்றாடியவர். அப்புறம் பெரும் படை வந்து பையூட் மக்களைச் சிதறடித்தது.

குற்றம் ஒரு வெள்ளை வியாபாரியிடம் தொடங்குகிறது என்பதை அத்தியாயம் மறைக்கவில்லை. 1959-க்கு அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் பையூட் தலைவராக நடிப்பவர் இத்தாலிய வம்சாவளி நடிகர், நம்முடைய பரிதாபம் முழுக்க ஆடம் மேல் இருக்கும்படிதான் கதையை நகர்த்துகிறார்கள். நுமாகாவின் பெயர் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கார்ட்ரைட் வீட்டுச் சீனச் சமையல்காரர் ஹாப் சிங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உங்களுக்கு?

எனக்கும்தான். நடித்த விக்டர் சென் யங் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர். அவரை உடைந்த ஆங்கிலம் பேசவைத்துச் சிரிப்பு மூட்டினார்கள். ஆனால் 'தி ஃபியர் மெர்ச்சன்ட்ஸ்' என்ற அத்தியாயத்தைத் தவறாமல் பாருங்கள். மேயர் தேர்தலில் நிற்கும் ஒருவன் சீனர்கள் மேல் வெறுப்பைக் கிளப்பி ஓட்டு வாங்கப் பார்க்கிறான். ஹாப் சிங்கின் உறவுக்காரப் பையன் மேல் கொலைப்பழி விழுகிறது. நிஜ வர்ஜீனியா சிட்டியில் ஒரு பெரிய சீனக் குடியிருப்பு இருந்தது. அவர்களுக்கு அங்கே என்ன பயம் இருந்திருக்கும் என்பதை இந்த ஓர் அத்தியாயம் உணர்த்துகிறது. சென் யங்கின் முகத்தில் வேடிக்கை மறையும் இடங்களைக் கவனியுங்கள்.

முதல் சீசன் ஓடவில்லை என்கிறார்களே, பிறகு எப்படித் தப்பியது?

வண்ணத்தால். சனிக்கிழமை இரவு 7.30-க்குப் போட்டார்கள். எதிரே போட்டித் தொலைக்காட்சியான சி.பி.எஸ்.ஸில் பெரி மேசன் என்ற வக்கீல் தொடர். கூட்டம் அங்கே போய்விட்டது. ஆனால் என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தது. அப்போது வண்ண நிகழ்ச்சிகளே குறைவு. வாராவாரம் ஒரு மணி நேரம் நீல ஏரியும் பச்சைக் காடும் காட்டும் ஒரு தொடர் பெட்டி விற்க உதவும் என்று தாங்கிப் பிடித்தார்கள். 1961-இல் ஞாயிறு இரவு 9 மணிக்கு மாற்றினார்கள், ஷெவர்லே விளம்பரதாரர் ஆனது, அந்த சீசனிலேயே இரண்டாம் இடத்துக்கு வந்தது. 1964 முதல் 1967 வரை மூன்று சீசன் தொடர்ந்து முதலிடம்.

அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் வயது வித்தியாசமே தெரியவில்லையே?

தொடர் தொடங்கியபோது லோர்ன் கிரீனுக்கு 44 வயது. ஆடமாக வரும் பெர்னெல் ராபர்ட்ஸுக்கு 31. ஹாஸாக வரும் டான் பிளாக்கரும் ராபர்ட்ஸ் பிறந்த அதே 1928-இல் பிறந்தவர். மைக்கேல் லாண்டன் மட்டும்தான் உண்மையிலேயே சின்னப் பையன், 22 வயது. கிரீனின் குரலும் நரைமுடியும் மற்றதைப் பார்த்துக்கொண்டன.

ஆடமும் ஜோவும் ஏன் எப்போதும் முறைத்துக்கொள்கிறார்கள்?

மூவருக்கும் மூன்று தாய். ஆடமின் தாய் வடக்குப் பக்கம், நியூ இங்கிலாந்து. ஜோவின் தாய் தெற்கே நியூ ஆர்லியன்ஸ். முதல் அத்தியாயத்திலேயே இதை வைத்துச் சண்டை வருகிறது. உள்நாட்டுப் போர் நெருங்கும்போது அது குடும்பத்தையே பிளக்கும் என்பதை 'ஹவுஸ் டிவைடட்' காட்டுகிறது. நெவாடாவின் வெள்ளி எந்தப் பக்கம் போவது என்பதுதான் அங்கே கேள்வி. இடையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் ஹாஸையும் பாருங்கள். அன்னையரின் கதைகள் பின் சீசன்களில்தான் விரிவாக வரும்.

உடை மாறிக்கொண்டே இருக்கிறது. பின்னால் எப்போதும் ஒரே உடைதானே?

ஆமாம். பிறகு ஆளுக்கு ஓர் உடை என்று நிலைப்படுத்திவிட்டார்கள். அப்படிச் செய்தால் பழைய சவாரிக் காட்சிகளை எந்த அத்தியாயத்திலும் ஒட்டிக்கொள்ளலாம், டூப் போடுபவரையும் எளிதில் நுழைக்கலாம்.

தொடக்க இசைக்குப் பாட்டு வரிகள் உண்டா?

உண்டு. ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதியது. முதல் அத்தியாயத்துக்காக நால்வரும் குதிரை மேல் பாடிக்கொண்டே போகும் காட்சியைப் படமாக்கினார்கள், ஒளிபரப்பில் வெட்டிவிட்டார்கள். தொடக்கத்தில் திரையில் எரியும் பாண்டரோசா வரைபடத்துக்கு அந்த இசை மட்டும் போதும் என்பதே என் கருத்து.

நான் வாங்கிய மலிவு டி.வி.டி.யில் அந்த இசையே இல்லை. போலியா?

போலி என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு சீசன்களில் சுமார் 30 அத்தியாயங்கள் அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுச்சொத்து ஆகிவிட்டன. இசைக்கு மட்டும் உரிமை இன்னும் உண்டு. அதனால் மலிவுப் பதிப்புக்காரர்கள் ஏதோ ஓர் இசையைப் போட்டுவிடுகிறார்கள், பிரதியும் மங்கலாக இருக்கும். முதல் சீசனின் முறையான பதிப்பு 2009-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. மூல இசையும் சுத்தமான வண்ணமும் அதில் கிடைக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடைசி அத்தியாயமான 'டெத் அட் டான்' வரை விடாமல் பாருங்கள். தூக்குத் தண்டனையை நிறைவேற்றினால் அப்பாவைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டும் கும்பலின் முன் மூன்று மகன்களும் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று இங்கே சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு வந்து கேளுங்கள், பேசுவோம்.