பையர் மெயிலில் வரும் பந்தும் கஃப்பும்

கேள்வி: அவிநாசி பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் தரும் பையரோடு பேசி வேலையை முடித்துக் கொடுப்பவள். பையர் அனுப்பும் மெயிலில் 'பால்பார்க் ஃபிகர்', 'த பால் இஸ் இன் யுவர் கோர்ட்', 'டோன்ட் கட் கார்னர்ஸ்' என்றெல்லாம் வருகிறது. ஒவ்வொரு வார்த்தையும் தெரிகிறது, சேர்த்துப் படித்தால் புரியவில்லை. பக்கத்து சீட்டில் கேட்கவும் கூச்சம். என்ன செய்யட்டுங்க?

பதில்: அம்மணி, இது உங்கள் படிப்பின் குறை இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்ட டெய்லரிடம் 'ஓனர் கையை விரிச்சுட்டாருங்க' என்று சொல்லிப் பாருங்கள். அவரும் முதலில் ஓனரின் கையைத்தான் பார்ப்பார்.

நீங்கள் கேட்ட இரண்டு பந்தும் வேறு வேறு ஆட்டத்துப் பந்து. பால்பார்க் என்பது அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் மைதானம். பையர் கேட்பது தோராய விலை. பைசா சுத்தமாகக் காஸ்டிங் போடும்வரை அவரைக் காக்க வைக்காதீர்கள். கோர்ட் என்றதும் கேஸ் என்று பதற வேண்டாம், அது டென்னிஸ் கோர்ட். 'என் வேலை முடிந்தது, இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்' என்கிறார். கட் கார்னர்ஸ், கட்டிங் செக்‌ஷனுக்குப் போக வேண்டிய செய்தியே இல்லை. செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கத் தரத்தில் கை வைக்காதே என்பது பொருள். ஒப்புக்கொண்ட ஜிஎஸ்எம்மை (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடையை) குறைப்பது, துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கும் ஷ்ரிங்கேஜ் டெஸ்ட்டை விட்டுவிடுவது எல்லாம் அதில் சேரும். 'ஆஃப் த கஃப்' என்றும் ஒன்று வரும். முன்யோசனை இல்லாமல் சட்டென்று சொன்னது என்று அர்த்தம். அப்படிச் சொன்ன விலையை நம்பி நூல் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், எழுதுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள். 'டேபிள்' என்ற சொல் வினையாக வந்தால் அதற்கு இங்கிலாந்தில் 'இப்போதே பேச எடுத்துக்கொள்வோம்' என்று பொருள், அமெரிக்காவில் 'ஒத்திவைப்போம்' என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். தாய்மொழிக்காரர்களுக்கே அந்தக் கதி என்றால், நீங்கள் கூச்சப்பட என்ன இருக்கிறது? பக்கத்து சீட்டில் தாராளமாகக் கேளுங்கள்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெயிலில் வந்த முழு வாக்கியத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார், எதற்காக எழுதினார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். விலை, அளவு, ஷிப்மென்ட் தேதி இந்த மூன்றில் சந்தேகம் வந்தால் மட்டும் ஊகிக்கவே கூடாது. நீங்கள் புரிந்துகொண்டதை எண்ணும் தேதியுமாக எழுதி, 'ப்ளீஸ் கன்ஃபர்ம்' என்று கேட்டு, பதில் வந்த பிறகு துணியில் கத்தரி வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதும் மெயிலில் இந்தத் தொடர்கள் எதுவும் வேண்டாம். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இருக்கும் பையர்களில் பலருக்கும் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட மொழிதான். நேரான வாக்கியம் அவர்களுக்கும் சுலபம்.